அமீருன்னிசா எழுந்து உட்கார்ந்தாள்

மாரண்டஹள்ளி கடைவீதியில் தகரக் கடை வைத்திருந்த கவுஸ் பாஷாவின் மனைவி அமீருன்னிசாவுக்கு, 1966-ஆம் வருஷம் ஐப்பசி மாதத்தில் ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கண் விழித்தபடிதான் படுத்திருந்தாள். அடுப்பைப் பற்றவைக்க வேண்டும், ஒன்பது வயது மகள் சுல்தானாவுக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் நினைவில் இருந்தது. எழுந்திரு என்று உடம்புக்குச் சொல்லிப் பார்த்தாள். அது வேறு யாருடைய உடம்போ போலக் கிடந்தது.

அன்று எப்படியோ மத்தியானத்துக்குள் எழுந்துவிட்டாள். அடுத்த நாள் இன்னும் நேரமானது. ஒரு மாதத்தில் அவள் தலை வாருவதை விட்டாள். குழம்பில் உப்புப் போட்டோமா இல்லையா என்று நின்று யோசித்து, யோசிக்கவும் சலித்துப்போய், அடுப்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சோறு வாயில் மண் மாதிரி இருந்தது. எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது வேறொன்று. சுல்தானா ஓடிவந்து கட்டிக்கொண்டால் முன்பு நெஞ்சுக்குள் ஏதோ நிறையும். இப்போது ஒன்றும் நிறையவில்லை. குழந்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, கதவைப் பார்ப்பதைப் போல அவளைப் பார்த்தாள்.

"என்னா ஆச்சு உனக்கு?" என்று எல்லோரும் கேட்டார்கள். அவளிடம் சொல்ல ஒன்றுமில்லை. யாரும் சாகவில்லை. புருஷன் கை நீட்டியதில்லை. முப்பது வயதாகியும் ஒரே ஒரு பெண் குழந்தைதான், அந்த ஏக்கமாக இருக்கும் என்று உறவுக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அந்த ஏக்கம்கூட அவளிடம் மிச்சமில்லை.

கவுஸ் பாஷாவின் அக்கா அஸ்கரி பேகம் புருஷனை இழந்தபின் தம்பி வீட்டிலேயே இருந்தாள். வீட்டு வேலை முழுக்க அவள் தலையில் விழுந்தது. முதலில் சோம்பல் என்றாள். பிறகு காற்று பட்டிருக்கிறது என்றாள். தர்காவுக்குக் கூட்டிப்போய் ஓதிய கயிறு கட்டினார்கள். அதுவும் சரிப்படாமல் தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. ரத்தம் கொஞ்சம் கம்மி. டானிக் எழுதித் தரேன். மனசைச் சந்தோசமா வெச்சுக்கணும்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அஸ்கரி பேகம் வழி நெடுக அதையே சொன்னாள். "பாத்தியா? ஒண்ணும் இல்லைன்னு டாக்டரே சொல்லிட்டார்." அமீருன்னிசா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒன்றும் இல்லாமலே இப்படியென்றால், இதற்கு மருந்தும் இருக்கப்போவதில்லை என்று அவளுக்குத் தோன்றியது. தான் இல்லாவிட்டால் வீட்டிலிருக்கிற மூன்று பேரும் நிம்மதியாக இருப்பார்கள் என்ற எண்ணம் அந்தப் பஸ்ஸில்தான் முதலில் வந்தது. வந்தது போகவில்லை.

தை மாதம். அஸ்கரி பேகம் ஒரு கல்யாணத்துக்காகப் பாலக்கோடு போயிருந்தாள். சுல்தானா பள்ளிக்கூடத்தில். வெயில் ஏறத் தொடங்கிய நேரத்தில் அமீருன்னிசா வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே வந்தாள். புர்கா போடவில்லை, காலில் செருப்பில்லை. ஓசூர் போகிற ரோட்டில், நடு ரோட்டில், நடந்தாள். எங்கே போகிறோம் என்று அவளுக்கே தெரியாது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஒதுங்கவில்லை. மறுபடியும் அடித்தது. யாரோ அவள் கையைப் பிடித்து வேகமாக ஓரத்துக்கு இழுத்தார்கள். பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

இழுத்தவள் ராமக்காள். ரோட்டோரத்தில் தோட்டம் வைத்துக் காய்கறி போடுகிறவள். அமீருன்னிசாவைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும். அவளுடைய தக்காளிக் கூடை ரோட்டோரத்தில் கவிழ்ந்து கிடந்தது.

"ஏனுங்க பாயம்மா, பஸ் வாரது காது கேக்கலீங்களா?"

"கேட்டுச்சு."

"கேட்டுமா நடந்தீங்க?"

அமீருன்னிசா அவள் முகத்தைப் பார்த்தாள். இந்த மூன்று மாதத்தில் 'என்ன ஆச்சு' என்று கேட்காத முதல் ஆள் இவள்தான். "எனக்கு இருக்கப் புடிக்கலம்மா," என்றாள். சொன்னதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ராமக்காளுக்கு மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய நேரம் அது. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சிதறிய தக்காளிகளைக் கைக்கு எட்டிய வரையில் பொறுக்கிக் கூடையில் போட்டாள். பிறகு, "வாங்க, உங்க வூட்டுக்காரர்கிட்ட போலாம். நீங்க என்கிட்ட சொன்னத அவருகிட்ட சொல்லுங்க. என்னால இத மனசுக்குள்ளயே வெச்சிக்க முடியாதுங்க," என்றாள். தன் தலையில் கிடந்த துண்டை எடுத்து அமீருன்னிசாவின் தலையில் போர்த்தி, கடைவீதி வழியாகக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

கடைவீதி முழுக்கப் பார்த்தது. கவுஸ் பாஷா ஒரு புனலுக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"நான் ரோட்டுல பஸ்ஸுக்கு முன்னால நடந்தேங்க," என்றாள் அமீருன்னிசா. "வேணும்னுதான் நடந்தேன்."

அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. கடையை இழுத்துச் சாத்தினார். மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தார்கள்.

கவுஸ் பாஷா பேச்சில் கெட்டிக்காரர் இல்லை. அன்று சாயங்காலம் வரை மனைவியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கடைசியில், "என்ன செஞ்சா உனக்குச் செரியாகும், அமீரு?" என்று கேட்டார்.

"தெரியலங்க. நெசமா தெரியல. தனியா இருந்தா அந்த நெனப்புத்தான் வருது. அது மட்டும் தெரியுது."

மறுநாளே அவர் கடையிலிருந்த பட்டறைக் கட்டை, கத்திரி, சுத்தியல், தகரத் தாள்கள் எல்லாவற்றையும் கைவண்டியில் ஏற்றி வீட்டுப் பின்கட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாங்குகிறவர்கள் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளட்டும் என்றார். பாலக்கோட்டிலிருந்து திரும்பிய அஸ்கரி பேகம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கடைய மூடிட்டுப் பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கிட்டு உக்காந்தா ஜமாத்துல என்ன பேசுவாங்க, கவுஸு?"

"பேசட்டும் ஆபா."

"எத்தன நாளைக்கு?"

"அவ செத்துட்டா எத்தன நாளைக்குப் பேசுவாங்க?"

அக்காவிடம் அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் அஸ்கரி பேகம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அமீருன்னிசாவோடும் பேசவில்லை.

எல்லாம் அதோடு சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். தகரம் தட்டுகிற சத்தம் அமீருன்னிசாவின் மண்டைக்குள் இறங்கியது. காதைப் பொத்திக்கொண்டு உள்ளறை மூலையில் போய்ச் சுருண்டாள். மூன்றாம் நாள் கவுஸ் பாஷா அந்த மூலையில் தகரத் தாள்களை அடுக்கிவைத்துவிட்டார். படுக்க இடமில்லாமல் அவள் பின்கட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். அவரை அவள் அன்று வெறுத்தாள். பிறகு ஒரு நாள் அவரே சொன்னார்: "எனக்கும் வேற வழி தெரியல அமீரு. பகல்ல நீ படுத்தா சாயங்காலம் இன்னும் மோசமாகுது. நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கறன்."

அது அவளே கவனிக்காத விஷயம். பகலில் படுக்கக்கூடாது என்பதை அவள் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொள்ள அது ஒன்றுதான் இருந்தது.

விடியலில் பாங்கு சொல்லும் நேரம்தான் மிகக் கொடுமையானது. விழிப்பு வந்ததும் இன்னொரு முழு நாள் முன்னால் நிற்கும். நாள் முழுவதையும் நினைத்தால் மூச்சு முட்டியது. அதனால் அவள் நாளை நினைப்பதை விட்டு, எழுந்து உட்காருவதை மட்டும் நினைத்தாள். தொழ வேண்டாம், அடுப்புப் பற்றவைக்க வேண்டாம், உட்கார்ந்தால் போதும். சில நாள் அதற்கே அரைமணி நேரம் பிடித்தது. உட்கார்ந்துவிட்டால் முகம் கழுவுவது. முகம் கழுவிவிட்டால் வாசல் கதவைத் திறப்பது. கதவைத் திறந்ததும் பல நாள் அங்கேயே நின்று அழுதாள். ஆனால் நின்றுகொண்டு அழுதாள்.

ருசி தெரியாவிட்டாலும் மத்தியானம் ஒரு களி உருண்டையை விழுங்குவது என்று வைத்துக்கொண்டாள். சாயங்கால அஸர் தொழுகை முடித்து வந்ததும் கவுஸ் பாஷா அவளை ஏரிக்கரை வரை நடக்கக் கூட்டிப்போனார். பெண்டாட்டியோடு ஜோடி போட்டு உலாத்துகிறான் என்று சிரித்தார்கள். அவர் தலை குனிந்து நடந்தார், ஆனால் ஒரு நாளும் நிறுத்தவில்லை. வழியில் ஒரு கேள்வி மட்டும் கேட்பார். "இன்னிக்கு எப்படி?" அவள் பொய் சொல்லக்கூடாது என்று ஏற்பாடு. "பாரம்," என்பாள். அல்லது, "ரொம்பப் பாரம்." ரொம்பப் பாரம் என்று சொன்ன நாட்களில் அவர் அவளை விட்டு ஒரு நிமிஷமும் நகர மாட்டார்.

ராமக்காள் இரண்டு நாளைக்கு ஒரு தடவை பின்வாசல் வழியாக வந்தாள். கூடையில் மொச்சையோ அவரையோ இருக்கும். முன்னால் கொட்டிவிட்டு, "உரிச்சுக் குடுங்க பாயம்மா, எனக்குக் கை ஒழியல," என்பாள். இருவரும் உரிப்பார்கள். ராமக்காள் தன் வீட்டுச் சண்டையைச் சொல்வாள், செடியில் பூச்சி விழுந்ததைச் சொல்வாள். பதில் வராவிட்டாலும் சொல்வாள். ஒரு நாள் அமீருன்னிசா கேட்டாள்.

"என்னைப் பாத்தா உனக்குப் பயமா இல்லியா?"

"இருக்குதுங்க. அன்னிக்கி ரோட்டுல புடிச்ச பயம் இன்னும் போவலீங்க. வராம இருந்தா அதவிட ஜாஸ்தி பயமா இருக்குது. அதான் வாரன்."

சித்திரையில் ஒரு நாள், எந்தக் காரணமும் இல்லாமல், அமீருன்னிசாவுக்குப் பசித்தது. சட்டியில் கிடந்த பழைய குழம்பை ஊற்றி நின்றுகொண்டே தின்றாள். புளிப்பு நாக்கில் தெரிந்தது. சுல்தானாவைக் கூப்பிட்டு மடியில் போட்டுத் தலை வாரினாள். அப்புறம் மெல்ல மெல்லப் பாரம் இறங்கியது. ஆடி மாதத்துக்குள் அவள் பழையபடி ஆகிவிட்டாள் என்றே எல்லோரும் சொன்னார்கள். கவுஸ் பாஷா கடையை மறுபடி கடைவீதிக்குக் கொண்டுபோனார். அவளும் முகம் கழுவுவதையும் நடப்பதையும் பெரிதாக நினைக்காமல் விட்டுவிட்டாள். சுகமாக இருப்பவர்களுக்கு அதெல்லாம் எதற்கு?

அந்த வருஷமே கார்த்திகையில் அது திரும்பி வந்தது.

இந்தத் தடவை வந்தது என்னவென்றும் அவளுக்குத் தெரியும், என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். அதனால்தான் இன்னும் கொடுமையாக இருந்தது. எழுந்து உட்கார்ந்தாள், முகம் கழுவினாள், களி விழுங்கினாள், நடந்தாள், மொச்சை உரித்தாள். ஒன்றும் நடக்கவில்லை. இருபது நாள், முப்பது நாள். ஒரு காலையில், பின்கட்டில் ஓசூருக்கு அனுப்ப அடுக்கிவைத்திருந்த புனல்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரில் எறிந்தாள்.

"எல்லாம் பொய்! மூஞ்சி கழுவினா போயிடுமா இது? ஒரு வருசமா நான் என்னையே ஏமாத்திக்கிட்டு இருந்தனா? இனிமே ஒண்ணும் பண்ண மாட்டன். என்ன விட்டுடுங்க!"

கவுஸ் பாஷா கடையில் இருந்தார். வீட்டில் அஸ்கரி பேகமும் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சுல்தானாவும்தான். கடைசிப் புனல் சுவரில் மோதி உருண்டபோது சுல்தானா புத்தகப் பையை அணைத்துக்கொண்டு தாயின் எதிரில் வந்து நின்றாள். பத்து வயது.

"அம்மா, நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அமீருன்னிசாவுக்கு முதலில் புரியவில்லை.

"போன வருசமும் இப்படித்தான் ஆச்சு. நான் கணக்குல மார்க்கு கம்மியா வாங்கினேன். இப்பவும் கம்மியா வாங்கினேன். அதனாலதான?"

ஒரு வருஷமாக அந்தக் குழந்தை இதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறது. அமீருன்னிசாவின் நெஞ்சில் அப்போதும் எதுவும் நிறையவில்லை. பாசம் பொங்கியது, பாரம் கரைந்தது என்று சொன்னால் அது பொய். மரத்துப்போன அதே நெஞ்சோடுதான் அவள் தரையில் உட்கார்ந்து மகளின் இரண்டு கைகளையும் பிடித்தாள்.

"கேளு சுல்தானா. இது ஒரு நோவு. உன்னால வரல. உங்க அப்பாவால வரல. மழைக்கு இருமல் வர்ற மாதிரி எனக்கு இது வருது. நான் உன்னைப் பாக்கறப்ப மொகத்துல சிரிப்பு வரலைன்னா, நோவு அதிகமா இருக்குதுன்னு அர்த்தம். உன்மேல கோபம்னு அர்த்தம் இல்ல. புரியுதா?"

"எப்ப போகும்?"

"தெரியல. போன தடவ போச்சு."

சொல்லும்போதுதான் அவளே அதைக் கேட்டாள். போன தடவை போனது. முகம் கழுவியதால் போனதா, தானாகப் போனதா, தெரியாது. போகும் நாள் வரை அவளை உயிரோடு வைத்திருந்தது அந்த முகம் கழுவலும் நடையும் மொச்சையும்தான். அவற்றால் அதற்கு மேல் முடியாது. அதற்கு மேல் கேட்டதால்தான் அவை பொய்யாகத் தெரிந்தன.

அஸ்கரி பேகம் நசுங்கிய புனல்களைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அமீருன்னிசாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவளிடம் நேராகப் பேசினாள்.

"எனக்கு இதுல நம்பிக்க இல்ல. இருந்தாலும் கழுவு. நான் புள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வர்றன். வந்ததும் ஏரிக்கரைக்கு நாம ரெண்டு பேரும் போலாம். கவுஸு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம்."

அந்தத் தடவை அது ஏழு மாதம் நீடித்தது. நடுவில் இரண்டு முறை "ரொம்பப் பாரம்" என்று அவள் சொன்ன நாட்களில் மூன்று பெரியவர்களும் முறை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்திருந்தார்கள். ராமக்காள் ஒரு நாள் முழுக்கத் தோட்டத்துக்கே போகவில்லை.

அதற்கப்புறம் சுகமாக இருக்கும் நாளிலும் அமீருன்னிசா விடியலில் எழுந்து உட்காருவதை நிறுத்தவில்லை. சாயங்கால நடையை நிறுத்தவில்லை. 1970-இல் அது மறுபடி வந்தபோது இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். "வருதுங்க. வாசல்ல நிக்குது." பெங்களூரில் இதற்கென்றே ஓர் ஆஸ்பத்திரி இருக்கிறது என்று தர்மபுரிக்குப் புதிதாக வந்த ஒரு டாக்டர் சொல்லி, ஓசூர் வழியாகப் பஸ் பிடித்துக் கூட்டிப்போனார்கள். அங்கே ஒருவர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லவில்லை. மாத்திரை கொடுத்தார். அது வாயை உலர்த்தியது, கை நடுங்கியது. ஆனால் பாரத்தின் அடியில் ஒரு விரற்கடை இடம் கிடைத்தது. செய்துவந்ததையெல்லாம் விடாமல் செய்யச் சொன்னார்.

1975 தை மாதம் சுல்தானாவுக்குக் கிருஷ்ணகிரி மாப்பிள்ளையோடு நிக்காஹ் பேசி முடித்தார்கள். நாள் குறித்த பதினைந்தாம் நாள் அது மறுபடி வந்தது. தள்ளிவைக்கலாமா என்று கவுஸ் பாஷா கேட்டார். வேண்டாம் என்றாள் அமீருன்னிசா. தள்ளிவைத்தால் மகள் பழையபடி கணக்கில் மார்க்குக் குறைந்த பிள்ளையாகிவிடுவாள் என்று பயந்தாள்.

கல்யாணத்தன்று விடியலில் எழுந்து உட்கார அவளுக்கு முக்கால் மணி நேரமானது. அஸ்கரி பேகம் பக்கத்தில் இருந்தாள், அவசரப்படுத்தவில்லை. முகம் கழுவி, புதுப் புடவை கட்டி, பெண்கள் கூட்டத்தின் நடுவில் போய் உட்கார்ந்தாள். மகளுக்குக் கல்யாணம், இந்தப் பொம்பளை கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கிறாளே என்று யாரோ பேசியது காதில் விழுந்தது. ராமக்காள் பந்தலில் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். நடு நடுவே வந்து அவளை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வழியனுப்பும்போது சுல்தானா தாயின் தோளில் முகம் வைத்து அழுதாள். அமீருன்னிசாவுக்கு அழுகை வரவில்லை. மகளின் காதில், "இன்னிக்கு ரொம்பப் பாரம்டி. அதான் கண்ணுல தண்ணி வரல," என்றாள்.

"தெரியும்மா. காலையில உங்க மொகத்தப் பாத்ததுமே தெரியும். கூட்டத்துக்கு நடுவுல வந்து உக்காந்தீங்கல்ல, அது போதும்."

கார் கிளம்பியது. அமீருன்னிசா உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டாள். இலையில் வைத்த சோற்றில் பாதியைச் சாப்பிட்டாள். அடுத்த வாரம் இன்னும் மோசமாக இருந்தது, அதற்கடுத்த வாரமும். பங்குனி பாதியில் ஒரு நாள் சாயங்காலம் நடந்துவிட்டு வந்தவள், மகளைப் பார்க்கக் கிருஷ்ணகிரிக்கு எப்போது போகலாம் என்று கவுஸ் பாஷாவைக் கேட்டாள். அவர் வியாழக்கிழமை போகலாம் என்றார்.